மறைந்து வாழ்ந்த வில்லாளி

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் போதும். லட்சக்கணக்கானோர் வில்லும் அம்புமாகக் காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பொழுது விடியுமுன்பே மரத்தில் ஏறிப் பரணில் உட்கார்ந்துகொள்வார்கள். பேச்சு இல்லை, இருமல் இல்லை. கீழே வெள்ளைவால் மான் நடக்கும் தடத்தையே பார்த்திருப்பார்கள். மான் இருபது, முப்பது கெஜத்துக்குள் வந்தால்தான் அம்பு பறக்கும். பல நாள் வெறுங்கையோடு திரும்புவதும் உண்டு.

துப்பாக்கி மலிந்த நாடு அது. அங்கே பழங்கால வில்லுக்கு இத்தனை மதிப்பு எப்படி வந்தது?

அதற்குக் காரணமானவர்கள் பலர். அவர்களில் முக்கியமான ஒருவர், எழுத்து வாசனையே அறியாத ஒரு மலைவாசி. உலகம் அவரை இஷி என்று அழைத்தது. அதுகூட அவருடைய சொந்தப் பெயர் அல்ல!

நாய்கள் காட்டிக்கொடுத்த மனிதர்

1911-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசி. வட கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற சிறு நகரம். ஊருக்கு வெளியே ஒரு கசாப்புக் கொட்டில். அங்கே நாய்கள் விடாமல் குரைத்தன.

ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். வேலியோரத்தில் ஒரு மனிதர் ஒடுங்கிக் கிடந்தார். ஐம்பது வயது இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தார். தோளில் ஒரு கிழிந்த கித்தான் துணி. தலைமயிர் தீயில் பொசுக்கப்பட்டிருந்தது. உற்றார் இறந்தால் மயிரைப் பொசுக்கித் துக்கம் காப்பது அவர் குலத்து வழக்கம்.

ஷெரீப் வந்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டதால், அந்த மனிதரைப் பாதுகாப்பாகச் சிறைக் கொட்டடியில் வைத்தார். ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தார்கள். ஸ்பானிஷ் மொழியில் பேசிப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்துப் பூர்வகுடிகளின் மொழிகளிலும் பேசினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

பத்திரிகைகளில் செய்தி வந்தது. கலிபோர்னியா சர்வகலாசாலையிலிருந்து தாமஸ் வாட்டர்மன் என்ற பேராசிரியர் ரயிலேறி வந்தார். யானா என்ற மலைக் குடியினரின் சொற்களைப் பட்டியலாக எழுதிக் கையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் படித்தார். அந்த மனிதர் முகத்தில் அசைவே இல்லை. கடைசியில் சிவினி என்ற சொல்லைச் சொல்லி, அவர் உட்கார்ந்திருந்த கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டிக் காட்டினார். சிவினி என்றால் பைன் மரம்.

அந்த முகம் மலர்ந்துவிட்டது! தம் மொழிச் சொல் ஒன்றை இன்னொருவர் வாயிலிருந்து அவர் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது!

ஒரு குலம் அழிந்த கதை

யானா குடியில் ஒரு பிரிவினர் யாஹி. லாசென் மலையின் அடிவாரத்தில், மில் கிரீக், டீர் கிரீக் என்ற இரண்டு ஓடைகளின் ஓரமாக அவர்கள் வாழ்ந்தார்கள். மொத்தமே சில நூறு பேர்தான். மானும் சால்மன் மீனும் கருவாலிக் கொட்டை மாவுமே அவர்களுடைய உணவு.

1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. வெள்ளையர் வெள்ளமாக வந்து குவிந்தார்கள். சுரங்கச் சேறு கலந்து ஆறுகள் கெட்டன, மீன் குறைந்தது. மேய்ச்சல் மாடுகள் வந்தன. மான்கள் விலகிப் போயின. பசி தாங்காத யாஹிகள் மாடுகளைப் பிடித்துத் தின்றார்கள். அதற்குப் பதிலாக அவர்களையே வேட்டையாடினார்கள் குடியேறியவர்கள். 1865-இல் விடியற்காலையில் ஒரு கிராமமே சுட்டு வீழ்த்தப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, ஒரு குகையில் ஒளிந்திருந்த முப்பது பேர் வரை கொல்லப்பட்டார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள்.

இஷி அப்போது சிறுவன். 1860-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று கணக்கிடுகிறார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அவர்கள் சுமார் நாற்பது ஆண்டுகள் மறைந்தே வாழ்ந்தார்கள்.

காலடி தெரியாமல் இருக்கப் பாறைக்குப் பாறை தாவி நடந்தார்கள். புதரை வெட்டாமல் அதனடியில் தவழ்ந்து போனார்கள். புகை தெரியாதபடி சிறு தீ மூட்டிச் சமைத்தார்கள். துப்பாக்கி வெடித்தால் மலையெங்கும் கேட்கும். வில்லுக்கோ ஓசை இல்லை. ஆகவே, வில்தான் அவர்களுக்குச் சோறு போட்டது, உயிரையும் காத்தது.

1908-இல் நால்வரே மிஞ்சினார்கள். இஷி, அவருடைய கிழத்தாய், சகோதரி முறையான ஒரு பெண், ஒரு கிழவர். அந்த ஆண்டு நவம்பரில், அணை கட்டும் வேலைக்காக நிலம் அளக்க வந்தவர்கள் அவர்களுடைய குடிசைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கிழவரும் அந்தப் பெண்ணும் ஓடினார்கள். நடக்க முடியாத தாய் மட்டும் கம்பளிக்குள் கிடந்தாள். வந்தவர்கள் அவளுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் அங்கிருந்த வில், அம்பு, கூடை, போர்வை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். பிழைக்கும் வழியே பறிபோயிற்று.

இஷி திரும்பி வந்து தாயைத் தூக்கிச் சென்றார். சில நாளில் அவள் இறந்தாள். ஓடிப்போன இருவரையும் அவர் பிறகு காணவே இல்லை. மூன்று ஆண்டுகள் தன்னந்தனியாக மலையில் திரிந்தார். அதன் பிறகே ஓரோவில் வந்து சேர்ந்தார்.

பொருட்காட்சி சாலையில் வாசம்

வாட்டர்மன் அவரைச் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே சர்வகலாசாலையின் பொருட்காட்சி சாலையில் குடிவைத்தார்கள். அதன் தலைவர் பேராசிரியர் ஆல்பிரெட் குரோபர்.

பத்திரிகைக்காரர்கள் பெயர் கேட்டார்கள். யாஹிகள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லமாட்டார்கள். கூட இருப்பவர்தான் சொல்லவேண்டும். இவருக்கோ கூட யாருமே இல்லை! ஆகவே குரோபர் அவருக்கு இஷி என்று பெயரிட்டார். யானா மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள்.

இஷிக்குத் துப்புரவு உதவியாளர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 25 டாலர். அதில் மிச்சம் பிடித்துப் பெட்டகத்தில் சேர்த்து வைத்தார். ஞாயிறுதோறும் மக்கள் முன்னால் உட்கார்ந்து அம்பு முனை செதுக்கிக் காட்டினார்.

வானளாவிய கட்டடங்கள் அவரை வியக்க வைக்கவில்லை. அவருடைய மலைகள் அதைவிட உயரம்! கடற்கரையில் கூடியிருந்த ஜனத்திரளைப் பார்த்துத்தான் மலைத்து நின்றார். தீக்குச்சியையும் பசையையும் பெரிய அதிசயமாக மதித்தார். தீக்கடைகோலைச் சுழற்றிக் கை நொந்தவருக்கல்லவா தீக்குச்சியின் அருமை தெரியும்!

டாக்டர் சீடரானார்

பொருட்காட்சி சாலைக்குப் பக்கத்தில் வைத்தியக் கல்லூரி. அங்கே சாக்ஸ்டன் போப் என்ற அறுவை வைத்தியர் வேலை பார்த்தார். இஷிக்கு வைத்தியம் செய்ய வந்தவர், அவருடைய வில்லைக் கண்டு மயங்கிவிட்டார். இருவரும் நண்பர்களானார்கள். நம் கதையில் வேடச் சிறுவன் ஏகலைவனுக்கு ஆசான் கிடைக்கவில்லை. இங்கே வேடரே ஆசான். படித்த டாக்டர் சீடர்.

இஷியின் வில் சிறியது. மலைச்சூனிபர் என்ற மரத்தில் செய்தது. நீளம் 42 அங்குலம். அவருக்கு அங்குலக் கணக்குத் தெரியாது. பக்கவாட்டில் நீட்டிய கை நுனியிலிருந்து எதிர்ப்புற இடுப்பு வரை அளந்தார். வில்லின் முதுகில் மான் நரம்பை மென்று பதப்படுத்தி ஒட்டினார். பசை, சால்மன் மீன் தோலிலிருந்து காய்ச்சியது. நாணும் மான் நரம்பே. நாணை இழுக்க 40 முதல் 45 பவுண்டு வலு வேண்டும்.

எரிமலைக் கண்ணாடிக் கல்லிலோ, உடைந்த புட்டிக் கண்ணாடியிலோ முனை செதுக்குவார். கண்ணாடியை மான் கொம்பால் அழுத்திச் சிம்பு சிம்பாகப் பெயர்த்தெடுப்பார். அம்பின் அடியில் மூன்று இறகு.

வில்லை அவர் உயிருள்ளதாகவே நடத்தினார். வேலை முடிந்தால் நாணைக் கழற்றிப் படுக்கவைக்க வேண்டும். நிற்கவைத்தால் வில் ஓய்வில்லாமல் வேர்த்து இளைத்துவிடும் என்று நம்பினார்.

குறி பார்க்கும் பந்தயத்தில் இஷி கெட்டிக்காரர் அல்ல. வட்டம் வரைந்த பலகையைத் தூரத்தில் வைத்து எய்வதை அவர் அதற்குமுன் கண்டதே இல்லை. கொஞ்ச காலத்தில் டாக்டரே அதில் அவரை மிஞ்சிவிட்டார். ஆனால் காட்டுக்குள் போனால் கதை வேறு!

மானை நெருங்கும் வித்தை

தூரத்திலிருந்து எய்வது இஷிக்கு வேட்டையே அல்ல. மானுக்கு அருகில் போகவேண்டும்; அல்லது மானை அருகில் வரவழைக்கவேண்டும். பத்து முதல் நாற்பது கெஜத்துக்குள் எய்வதே அவர் வழக்கம்.

வேட்டைக்கு முதல் நாள் மீன் தின்னமாட்டார். புகை பிடிக்கமாட்டார். மானுக்கு மோப்ப சக்தி மிக அதிகம். காலையில் தலை முதல் கால் வரை குளிப்பார்; வாயையும் கழுவிக்கொள்வார். வாசனைத் தழைகளை உடம்பில் தேய்த்துக்கொள்வார். காற்று எதிரே வீசும்படியாகவே நடப்பார். சுள்ளி ஒடியும் ஓசை கேட்காது.

மான் தடத்தின் ஓரத்தில் புதர் மறைவில் குந்தியிருப்பார். இலையை மடித்து உதட்டில் வைத்து உறிஞ்சுவார். மான்குட்டி கத்துவது போலவே இருக்கும். தாய் மான் தேடிக்கொண்டு வரும். சில சமயம் பாடம் செய்த மான் தலையைத் தம் தலையில் வைத்து, புதருக்கு மேலே மெல்ல ஆட்டுவார். என்னவோ ஏதோ என்று மான் நெருங்கி வரும்.

குந்தியபடியே, வில்லைக் குறுக்காகப் பிடித்துக் கட்டைவிரலால் நாணை இழுத்து எய்வார். கிடைத்த மானில் எதையும் வீணாக்குவது அவர் குலத்தில் இல்லை. இறைச்சி உணவாகும், தோல் ஆடையாகும், நரம்பு நாணாகும்.

1914 மே மாதம் குரோபர், வாட்டர்மன், டாக்டர் போப், டாக்டரின் மகன் எல்லோரும் இஷியை டீர் கிரீக்குக்கு அழைத்துச் சென்றார்கள். அவருக்கு முதலில் போக மனமில்லை. இறந்தவர்கள் உலாவும் இடமல்லவா அது! போன பிறகு மனம் தேறினார். மீன் குத்திக் காட்டினார். வில் செய்து காட்டினார். ஒவ்வொரு பாறைக்கும் வளைவுக்கும் பெயர் சொன்னார். நூற்றுக்கணக்கான பெயர்களைப் பேராசிரியர்கள் வரைபடத்தில் குறித்துக்கொண்டார்கள்.

பிரிவு

மலையில் இல்லாத நோய்கள் நகரத்தில் இருந்தன. இஷியின் உடம்புக்கு அவற்றைத் தாங்கும் சக்தி இல்லை. இருந்தும், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளின் படுக்கையருகே அன்போடு நின்றுவிட்டு வருவார். கடைசியில் காசநோய் அவரையே பற்றிக்கொண்டது. 1916 மார்ச் 25-ஆம் தேதி காலமானார்.

உடலை அறுக்கக்கூடாது என்று குரோபர் நியூயார்க்கிலிருந்து கடிதம் எழுதினார். கடிதம் பிந்தி வந்தது. அதற்குள் பரிசோதனை நடந்துவிட்டது. மூளையைத் தனியே எடுத்துவிட்டார்கள். பிறகு குரோபரே அதை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். அன்பு காட்டியவர்களே செய்த பெரும் பிழை இது. உடல் மட்டும் வில், ஐந்து அம்பு, ஒரு கூடை கருவாலி மாவு ஆகியவற்றோடு எரியூட்டப்பட்டது.

அம்பு போன தூரம்

டாக்டர் போப் குருவை மறக்கவில்லை. ஆர்தர் யங் என்ற நண்பரோடு வில்லெடுத்துக் காடு காடாகத் திரிந்தார். 1923-இல் வில் வேட்டை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இஷியைப் பற்றியும் அதில் விரிவாகச் சொன்னார். 1926-இல் அவர் மறைந்தார், புத்தகம் மறையவில்லை. அதைப் படித்துப் பலர் வில்லைக் கையில் எடுத்தார்கள்.

1934-இல் விஸ்கான்சின் மாநிலம் மான் வேட்டைக்கு வில்லாளிகளுக்கென்றே தனிப் பருவம் ஒதுக்கியது. மற்ற மாநிலங்களும் பின்பற்றின. 1961-இல் போப், யங் இருவர் பெயரிலும் வில் வேட்டைக்காரர் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்தின் தலைசிறந்த விருதுக்கு இஷியின் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இஷி வேட்டையாடியது கருவால் மான். அதுவும் தரையில் குந்தியிருந்து. இன்று கிழக்கு மாநிலங்களில் பரணில் இருப்பவர் காத்திருப்பது வெள்ளைவால் மானுக்கு. கப்பி பூட்டிய புதுவகை வில்லும் வந்துவிட்டது. ஆனாலும் வாடை காட்டாதே, ஓசை செய்யாதே, பொறுத்திரு, நெருங்கினால் மட்டும் எய் என்ற பாடம் மாறவில்லை.

உறவினர் வந்தார்கள்

தம் குலத்தின் கடைசி மனிதர் என்றே இஷியை உலகம் சொல்லி வந்தது. ஆனால் யானா குடியின் மற்றப் பிரிவுகளில் பிழைத்தவர்களின் சந்ததியார் கலிபோர்னியாவில் இருந்தார்கள். இஷியின் மூளை எங்கே என்று தேடல் நடந்தது. 1999-இல் அது ஸ்மித்சோனியன் கிடங்கில் இருப்பது தெரியவந்தது. ரெட்டிங், பிட் ரிவர் பூர்வகுடியினரே அவருக்கு நெருங்கிய சொந்தம் என்று நிலையம் ஒப்புக்கொண்டது.

2000-ஆம் ஆண்டில் அவர்கள் அதைப் பெற்றுக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் இருந்த சாம்பலையும் வாங்கிச் சேர்த்தார்கள். இரண்டையும் அவருடைய சொந்த மலையில், டீர் கிரீக் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இடம் எது என்று வெளியே சொல்லவில்லை.

எல்லாவற்றையும் பறித்த இனத்தாருக்குத் தம்மிடம் மிஞ்சியிருந்த ஒரே செல்வமான வில்வித்தையை மனமுவந்து கொடுத்தவர் இஷி. அந்தப் பெருந்தன்மைக்கு நிகர் ஏது?