அப்பா திட்டிய பழைய காசு: ‘5 சதவீத’ கோடீஸ்வரர் குல்பென்கியனின் கதை

ஸ்கூல்ல நல்லா படிச்சதுக்கு அப்பா பரிசா பணம் கொடுத்தா என்ன பண்ணுவோம்? இஸ்தான்புல்லில் ஒரு பையன் நேராகக் கடைவீதிக்குப் போய், அந்தப் பணத்தில் பழங்கால நாணயங்களை வாங்கி வந்தான். நல்ல காசைக் கொடுத்துச் செல்லாத காசை வாங்குவதா என்று அப்பாவுக்குக் கோபம் என்கிறார்கள். அந்தப் பையன்தான் கலூஸ்த் குல்பென்கியன்.

யார் இவர்?

1869-ல் இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில், ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மண்ணெண்ணெய் வியாபாரி. மகன் லண்டன் கிங்ஸ் காலேஜில் இன்ஜினீயரிங் முடித்தார். 1896-ல் ஆர்மீனியர்கள் மீது கொலைவெறித் தாக்குதல் நடந்தபோது, குடும்பத்தோடு பிறந்த ஊரைவிட்டே தப்பி ஓட வேண்டியிருந்தது. முதலில் எகிப்து, பிறகு லண்டன். 1902-ல் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார்.

அது என்ன 5 சதவீதம்?

இராக் எண்ணெய்க்காகப் பெரிய கம்பெனிகள் மோதிக்கொண்டபோது, அவர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்தவர் இவர். 1928-ல் கையெழுத்தான செங்கோட்டு ஒப்பந்தத்தில் பிரிட்டன், டச்சு, பிரான்ஸ், அமெரிக்கக் கம்பெனிகளுக்குத் தலா 23.75 சதவீதம். மீதி 5 சதவீதம், தனி ஆளான குல்பென்கியனுக்கு! கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனா, உலகின் பெரிய பணக்காரர்களில் ஒருவராக அவரை ஆக்கியது அதுதான்.

சரி, நாணயத்தில் என்ன இருக்கு?

பணம் வந்த பிறகும் சிறுவயது ஆசை போகவில்லை. குறிப்பாகக் கிரேக்க வெள்ளி நாணயங்கள். பண்டைய கிரேக்கம் ஒரே நாடு இல்லை. ஒவ்வொரு நகரமும் தனி அரசு. அதனால் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தைக் காசில் அடித்தது. இன்றைய லோகோ மாதிரி.

* ஏதென்ஸ்: ஒரு பக்கம் அதீனா தெய்வம், மறுபக்கம் அவளுடைய ஆந்தையும் ஆலிவ் தளிரும். எடை சுமார் 17 கிராம். வெள்ளி, பக்கத்து லாரியன் சுரங்கத்தில் கிடைத்தது.
* மெட்டபொன்டம்: பார்லி கதிர். ஊரின் செல்வம் வயலில்தான் என்று அர்த்தம்.
* ரோட்ஸ்: ரோஜா. கிரேக்க மொழியில் ரோஜாவின் பெயரும் ஊர்ப் பெயரும் ஒரே மாதிரி ஒலிக்கும். காசிலேயே ஒரு சிலேடை!
* சிராகியூஸ்: நீரூற்று தேவதை அரெதூசா, சுற்றிலும் டால்பின்கள். பின்புறம் நாலு குதிரை பூட்டிய தேர். கடல் சூழ்ந்த ஊர், தேர்ப் பந்தயப் பெருமை – ரெண்டும் ஒரே காசில். சுமார் 43 கிராம் எடையுள்ள பெரிய காசுகளில் கிமோன், யுவைனெடோஸ் என்ற அச்சுக் கலைஞர்கள் தங்கள் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்.

எப்படிச் சேர்த்தார்?

எண்ணிக்கைக்காக வாங்கிக் குவிக்கவில்லை. பழைய காசில் மூக்கு தேய்ந்திருக்கும், அச்சு ஓரம் தள்ளி விழுந்திருக்கும். அப்படிப்பட்டதை அவர் தொடுவதில்லை. சிறந்தது மட்டுமே வேண்டும். பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணய நிபுணர் ஸ்டான்லி ராபின்சனிடம் ஆலோசனை கேட்பார். ரெம்பிராண்ட் ஓவியங்களைச் சோவியத் அரசிடமிருந்தே வாங்கியவருக்கு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெள்ளிக்காசும் அதே அளவு முக்கியமான கலைப்பொருள்.

கடைசியில் என்ன ஆச்சு?

இரண்டாம் உலகப் போர் அவரை மறுபடி இடம்பெயர வைத்தது. 1942-ல் லிஸ்பன் போனவர், அங்கே ஒரு ஹோட்டலிலேயே தங்கி 1955-ல் இறந்தார். பிறந்தது ஒரு நாடு, குடியுரிமை ஒரு நாடு, வீடு பாரிஸில், மரணம் போர்ச்சுகலில். சேர்த்த பொருள்களும் அவரைப் போலவே பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கடைசிக் கால ஆசை.

உயில்படி 1956-ல் அறக்கட்டளை உருவானது. 1969-ல் லிஸ்பனில் மியூசியம் திறந்தது. 6,000-க்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள். அவற்றோடு அந்தக் கிரேக்க நாணயங்களும்.

மெட்டபொன்டம் இன்று வெறும் இடிபாடு. ஆனா, அதன் பார்லி கதிர் இன்னும் காசில் அப்படியே நிற்கிறது. ஊரை இழந்த ஒருவர் ஏன் வாழ்நாள் முழுக்க இந்தக் காசுகளைத் தேடினார் என்பதற்கு, ஒருவேளை அதுவே பதிலாக இருக்கலாம்.