மதியச் சோறும் மூணாம் வகுப்பும்

கர்மவீரர் காமராஜர் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்று மேடையில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த இடத்துல தான் மனசு நிக்குது.

நண்பர்களே! 1903-ல் விருதுநகரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா இறந்துபோனார். வீட்டு வருமானம் நின்றது. அம்மா சிவகாமி அம்மாள் சமாளித்துப் பார்த்தும் முடியலை. பையன் மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார்.

1954-ல் அவரே முதலமைச்சர். மாடு மேய்க்கிற பையன் பள்ளிக்கு வந்தால் வீட்டுக்குக் கூலியும் போச்சு, அவனுக்கு மத்தியானக் கஞ்சியும் போச்சு. கஞ்சிக்காவது வழி செய்வோம் என்று 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். ஊர்க்காரர்களும் அரிசி, பருப்பு தந்தார்கள். போன கூலிக்கு இந்தச் சோறு ஈடாகாது. அது நிஜம்தான்.

எங்க தாத்தா அந்தச் சோத்துக்காகத்தான் பள்ளிக்கூடம் போனாராம். மூணாவது வரைக்கும்தான், அப்புறம் வீட்டில் கூலிக்கு அனுப்பிட்டாங்க. ஆனால் 1975 அக்டோபர் 2-ல் காமராஜர் மறைந்தபோது, மறுநாள் டீக்கடையில் அந்தச் செய்தியை எழுத்துக் கூட்டித் தானே படித்தாராம். சுற்றி நின்றவர்களுக்கும் அவர்தான் படித்துச் சொன்னாராம்.