சுண்டெலி காட்டிய வழி

குருதி விளையும் நிலம் எலும்பு மஜ்ஜை. அந்நிலம் கருகினால் மீண்டும் விதைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் டாக்டர் லியான் ஜேக்கப்சன்.

1911-இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் பிறந்த இவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு ஆய்வில் ஈடுபட்டோரின் உடல்நலம் காக்கும் பணியை ஏற்றார். கதிர்வீச்சு குருதியைக் குலைக்கும் விதமே இவரது ஆய்வுப் பொருளாயிற்று.

எலிகளுக்கு மண்ணீரலிலும் குருதியணுக்கள் பிறக்கின்றன. 1949-இல் சுண்டெலிகளின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்து, உயிர் போக்கும் அளவு எக்ஸ் கதிரைச் செலுத்தினார். மறைக்காத எலிகள் மடிந்தன; மறைத்தவற்றுள் பெரும்பாலானவை பிழைத்தன. 1951-இல் எகான் லோரன்ஸ் குழுவினர் மஜ்ஜையை ஊசிவழி ஏற்றியும் எலிகளைக் காத்தனர்.

மண்ணீரலில் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே காத்தது என ஜேக்கப்சன் கருதினார். குடியேறிய உயிரணுக்களே காத்தன என்று 1956-இல் இங்கிலாந்து அறிஞர்கள் குரோமோசோம்களைக் கொண்டு மெய்ப்பித்தனர். கருத்து வீழ்ந்தது, சோதனை வீழவில்லை. அடுத்த ஆண்டே இவர் குழு, சிவப்பணு ஆக்கத்தைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் சிறுநீரகத்தில் பிறப்பதைக் கண்டது.

1992-இல் மறைந்தார். விடை தவறினும் சோதனை நேர்மையாயின் அது வீண்போகாது என்பதே ஆய்வுக்கூடம் புகும் நமக்கு அவர் வாழ்வு தரும் பாடம்.