பேட்டரியா, டைனமோவா? சார்ஜ் ஏறாத வண்டியும் மைக்கேல் ஃபாரடேவும்

ஆட்டையாம்பட்டியைச் சுற்றியுள்ள சேலம், நாமக்கல் சமவெளி முழுக்க வண்டிகளின் ராஜ்ஜியம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் போய் போர் போடுகின்றன. இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பழகிப்போன புகார் ஒன்று உண்டு: செல்ஃப் எடுக்கல.

பலர் உடனே புது பேட்டரி வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். சில நாளில் அதுவும் படுத்துவிட்டால்? கோளாறு பேட்டரியில் இல்லாமல், அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கலாம். பல மெக்கானிக்குகள் இன்னமும் டைனமோ என்றே சொல்லும் அந்தக் கருவிக்கு அடித்தளம் போட்டவர், பள்ளிப்படிப்பு பெரிதாக இல்லாத ஒரு கொல்லரின் மகன்.

பைண்டிங் கடைப் பையன்

மைக்கேல் ஃபாரடே 1791 செப்டம்பர் 22-ல், லண்டனின் தெற்கே பிறந்தார். வறுமையான குடும்பம். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றுக்கொண்டார். செப்புக் காசுகள், துத்தநாகத் தகடுகள், உப்புநீரில் நனைத்த காகிதம் ஆகியவற்றை அடுக்கி, 1812-ல் சொந்தமாக ஒரு சின்ன பேட்டரியே செய்து பார்த்தார்.

அதே ஆண்டு விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அதை அழகாக பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். 1813-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. அவருடைய ஆய்வு வாழ்க்கை முழுவதும் அங்கேதான் கழிந்தது.

ஒரு நொடி அசைந்த முள்

மின்சாரத்தால் காந்தவிசை உண்டாவது 1820-லேயே தெரிந்துவிட்டது. காந்தத்திலிருந்து மின்சாரம் வருமா என்பதுதான் அடுத்த கேள்வி. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றை பேட்டரியோடும், இன்னொன்றை மின்சாரம் வந்தால் முள் அசையும் கருவியோடும் இணைத்தார்.

பேட்டரியை இணைத்த நொடியில் முள் துள்ளியது, பிறகு நின்றுவிட்டது. இணைப்பைத் துண்டித்தபோது எதிர்ப்பக்கம் துள்ளியது. நடுவில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அசைவே இல்லை. காந்தம் சும்மா இருந்தால் மின்சாரம் வராது, காந்தவிசை மாறிக்கொண்டே இருந்தால்தான் வரும் என்பது அதிலிருந்து புரிந்தது. அதே அக்டோபரில் காந்த முனைகளுக்கு நடுவே செப்புத் தகட்டைச் சுழற்றி, தொடர்ந்து மின்சாரம் எடுத்தும் காட்டினார்.

அதுவே பானெட்டுக்குள்

இன்றைய ஆல்டர்னேட்டரில் நடப்பதும் இதுதான். இன்ஜின் பெல்ட் ரோட்டாரைச் சுழற்றுகிறது. கார்பன் பிரஷ் வழியாக வரும் கொஞ்சம் கரண்ட் அந்த ரோட்டாரைக் காந்தமாக்குகிறது. சுற்றியுள்ள வைண்டிங்கில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடேவின் முள் போல அது இரு பக்கமும் மாறி மாறிப் பாயும். டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. வோல்டேஜ் எகிறாமல் ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது.

ஆகவே சார்ஜ் ஏறவில்லை என்றால் கேட்க வேண்டியவை மூன்றுதான். சுழற்சி இருக்கிறதா? பெல்ட் தளர்ந்திருக்கலாம். காந்தம் உண்டாகிறதா? கார்பன் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம். பிறந்த மின்சாரம் பேட்டரிக்குப் போய்ச் சேருகிறதா? டையோடு, வயர், ஃப்யூஸ், பூத்துப்போன டெர்மினல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜிங் பக்கம் கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மீது சந்தேகம். பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். 24 வோல்ட் லாரிகளுக்கு எல்லாமே இரட்டிப்பு. சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் அளவு கொஞ்சம் மாறலாம். சார்ஜ் சரியாக ஏறியும் பேட்டரி நிற்கவில்லை என்றால், அப்போது பேட்டரியை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். திடீரென எகிறும் வோல்டேஜ் டையோடையும் இசியூ எனும் கன்ட்ரோல் யூனிட்டையும் சுட்டுவிடும். சில நூறு ரூபாய் மீட்டருக்குப் பதில் பல ஆயிரம் செலவு வரும்.

பேட்டரிக்கும் அவரே

பேட்டரிக்குள் நடப்பதைப் புரியவைத்ததிலும் ஃபாரடேவுக்குப் பங்கு உண்டு. எவ்வளவு மின்சாரம் பாய்கிறதோ அந்த அளவுக்குத்தான் வேதி மாற்றம் நடக்கும் என்ற விதிகளை 1830-களில் வகுத்தார். வாகனங்களில் இன்றும் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியை 1859-ல் பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். அப்போது ஃபாரடே உயிரோடு இருந்தார்.

உயர்கணிதம் அவருக்கு வராது. சோதித்துப் பார்த்தே நம்பினார், சோதித்ததையெல்லாம் வரிசையாக எழுதியும் வைத்தார். சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியையும் மறுத்தார். 1867 ஆகஸ்ட் 25-ல் இறந்தார். ஊகத்தில் பேட்டரியை மாற்றாமல், முதலில் மீட்டர் வைத்துப் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பின்பற்றுவது அவருடைய வழியைத்தான்.