கால்வாய்க்குக் கூரை போட்ட ஹாஸ்மன்

ஊரின் நடுவே ரெயில் பாதையோ, பள்ளத்தில் ஓடும் பெரிய சாலையோ வந்துவிட்டால் ஊர் இரண்டாகிவிடும். கூப்பிடு தூரத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுற்றிக்கொண்டு போகவேண்டும். மங்கலத்தில் பஸ் ஏறி, திருப்பூர் தண்டவாளத்தைத் தாண்டி வடக்கே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல.

இப்படிப் பிரிந்து கிடந்த ஒரு நகரத்தை, பள்ளத்துக்கு மூடி போட்டு ஒட்டவைத்தார் ஒருவர். அவர் பெயர் ஹாஸ்மன். ஊர், பிரான்சு நாட்டின் தலைநகரமான பாரீஸ்.

நோஞ்சான் பிள்ளை

ஜார்ஜ் ஹாஸ்மன் 1809-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி பாரீசில் பிறந்தார். சிறு வயதில் நெஞ்சு பலவீனம். அடிக்கடி படுத்துவிடுவார். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் ஆறு அடிக்கு மேல் வளர்ந்து, யாருக்கும் வளைந்து கொடுக்காத அதிகாரியாக நின்றார்.

சட்டம் படித்தார். சங்கீதமும் கற்றார். பிறகு சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து, வெளியூர்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். 1853-ல் மன்னர் மூன்றாம் நெப்போலியன் அவரை அழைத்து, பாரீஸ் நகரம் அடங்கிய ஜில்லாவுக்குத் தலைமை அதிகாரி ஆக்கினார். நம் ஊர்க் கலெக்டர் பதவியைப் போன்றது அது. ஆனால் அதிகாரம் அதைவிடப் பெரியது.

அன்றைய பாரீஸ் இன்று படத்தில் பார்க்கிற பாரீஸ் அல்ல. வெயில் விழாத சந்துகள். நாற்றம் பிடித்த சாக்கடைகள். 1832-ல் பரவிய காலரா மட்டும் அங்கே 18 ஆயிரம் பேருக்கு மேல் வாரிக்கொண்டு போயிற்று.

ஹாஸ்மன் இடிக்கத் தொடங்கினார். அகலமான சாலைகள் போட்டார். பூமிக்கு அடியில் சாக்கடை கட்டினார். தொலைவிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். தாம் பிறந்த வீட்டைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை!

குறுக்கே நின்ற தண்ணீர்

நகரின் கிழக்கே செயின்ட் மார்ட்டின் கால்வாய் ஓடியது. 1825-ல் திறக்கப்பட்டது. சரக்குப் படகுகள் போகும் வழி. அதற்கு அப்பால் தொழிலாளர்கள் நிறைந்த பேட்டைகள்: தச்சர்கள், உலோக வேலைக்காரர்கள், நூல் ஆலைக்காரர்கள். படகு வரும்போது பாலத்தைத் திருப்பி வழி விடுவார்கள். அதுவரை வண்டியும் ஆளும் கரையில் காத்து நிற்கவேண்டும்.

ஹாஸ்மன் அந்தப் பேட்டைகளின் வழியாக நீண்ட புதுச் சாலை ஒன்று போட்டுக்கொண்டு வந்தார். கால்வாய் குறுக்கே வந்தது. படகு போகும் உயரத்துக்குப் பாலம் கட்டினால் சாலை மேடேற வேண்டும். குதிரை வண்டி திணறும்.

சாலையை உயர்த்துவதற்குப் பதிலாகக் கால்வாயைத் தாழ்த்தினால் என்ன? இதுதான் அவருக்குத் தோன்றிய யோசனை. கால்வாயை ஏறத்தாழ 6 மீட்டர் கீழே இறக்கினார்கள். மேலே கல் வளைவு கட்டி மூடினார்கள். அதன்மேல் மண் போட்டு, மரம் நட்டு, ஒன்றரை கிலோ மீட்டர் நீளத்துக்கு அகலமான வீதி அமைத்தார்கள். அடியில் போகும் படகுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டுமே? வளைவில் இடையிடையே துவாரம் விட்டார்கள். 1863-க்குள் வேலை முடிந்தது.

மன்னரின் சந்தோஷம்

மன்னர் மகிழ்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1848 ஜூன் மாதம் ஏழைத் தொழிலாளர்கள் கலகம் செய்தபோது, அந்தக் கால்வாய் அவர்களுக்குக் கோட்டை அகழியாக உதவியது. மூடிவிட்டால் பட்டாளம் நேரே உள்ளே போகலாம்! இதை ஹாஸ்மனே தம் நினைவு நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆக, ஊரை இணைத்த வீதி ஊரை அடக்கவும் போட்டதுதான்.

வீதிக்கு முதலில் மன்னரின் தாயார் ஹார்ட்டென்ஸ் ராணியின் பெயரை வைப்பதாக இருந்தது. 1862 டிசம்பரில் மன்னர் அதை மாற்றினார். ரிச்சர்டு லெனுவார் என்ற பஞ்சாலை முதலாளியின் பெயரைச் சூட்டினார்.

இந்த ரிச்சர்டு குடியானவர் வீட்டுப் பிள்ளை. துணி வியாபாரம் செய்து, கூட்டாளி லெனுவாருடன் பருத்தி ஆலை வைத்தார். கூட்டாளி இறந்ததும் அவர் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தார். 1814-ல் பஞ்சு இறக்குமதி வரியைச் சர்க்கார் திடீரென்று எடுத்துவிட்டது. அதிக விலைக்கு வாங்கி வைத்த சரக்கு அடிமாட்டு விலைக்கு இறங்கியது. நொடித்துப்போய், 1839-ல் ஏழையாக இறந்தார். நூல் விலை ஏறி இறங்கும்போது தறிக்காரர் படும் பாட்டை அறிந்த ஊருக்கு, இந்தக் கதையை விளக்கவேண்டியதில்லை.

பதவி போயிற்று

புது வீதிகள் வந்தன; வாடகையும் ஏறியது. கொடுக்க முடியாத ஏழைகள் நகரின் ஓரத்துக்குத் துரத்தப்பட்டார்கள். கடனும் மலைபோல் குவிந்தது. கணக்கு எங்கே என்று எதிரிகள் கேட்டார்கள். 1870 ஜனவரியில் மன்னர் ஹாஸ்மனைப் பதவியிலிருந்து நீக்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் மன்னரின் ஆட்சியும் கவிழ்ந்தது! ஹாஸ்மன் 1891 ஜனவரி 11-ந் தேதி காலமானார்.

அவருக்குப் பின் மோட்டார் யுகம் வந்தது. 1958 முதல் 1973 வரை அதே பாரீசைச் சுற்றி மோட்டார்களுக்கு வட்டச் சாலை போட்டார்கள். நகரமும் புறநகரும் மறுபடி பிரிந்தன. பழைய வைத்தியம்தான் திரும்பவும் கை கொடுத்தது. லிலா வாசல் என்ற இடத்தில் அந்தச் சாலைக்கு மூடி போட்டு, 2010-ல் அதன்மேல் பூங்கா திறந்தார்கள். ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரம், ஆற்றங்கரையோரம் ஓடிய நெடுஞ்சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கி, மேலே நீண்ட பூங்கா போட்டது. அமெரிக்காவின் டல்லஸ் நகரில், பள்ளத்தில் ஓடும் நெடுஞ்சாலையின் மேல் 2012-ல் பூங்கா வந்தது.

ஹாஸ்மன் போட்ட கூரை இன்றும் உறுதியாக நிற்கிறது. அதன்மேல் வியாழனும் ஞாயிறும் சந்தை கூடுகிறது. காய்கறி, மீன், பாலாடைக் கட்டி விற்கிறார்கள். அடியில் படகுகள் போய்க்கொண்டிருக்கின்றன.