கழற்றிப் பூட்டிக் கற்ற மேதை: ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை

கோயமுத்தூர் ஜில்லாவில் சூலூர் அருகே கலங்கல் என்று ஒரு சிற்றூர். 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அங்கே ஓர் உழவர் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். தந்தையார் பெயர் கோபால்சாமி நாயுடு. தாயார் அந்தக் குழந்தையை வளர்க்கும் முன்பே காலமாகிவிட்டார்.

அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் ஜி.டி. நாயுடு என்று நாடெங்கும் புகழ் பெற்றது. அவர் பஸ் கம்பெனி நடத்தினார். தொழிற்சாலை தொடங்கினார். என்ஜினீயரிங் கல்லூரிக்கே முதல்வராக இருந்தார். ஆனால், அவர் பள்ளிக்கூடம் போய்ப் படித்தது மூன்றாம் வகுப்பு வரையில்தான்!

பள்ளி பிடிக்கவில்லை

சிறுவன் துரைசாமிக்கு வகுப்பில் உட்கார மனம் வரவில்லை. படிப்பு பாதியில் நின்றது. தந்தையாரின் தோட்டத்தில் வேலை செய்தார். ஆனால், அறிவுப் பசி அவரை விடவில்லை. கையில் கிடைத்த புத்தகங்களைத் தாமாகவே படித்தார். எந்தப் பொருளைப் பார்த்தாலும், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளத் துடித்தார்.

ஒரு நாள் அவருடைய ஊருக்கு வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. ஆயினும் வண்டி ஓடியது! பையன் கண் கொட்டாமல் பார்த்தான். அது போன்ற வண்டி ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தான்.

ஹோட்டலில் வேலை

ஆசை இருந்தால் போதுமா? பணம் வேண்டுமே! கோயமுத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கிடைத்த சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்தார். இப்படியே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் போயின. கடைசியில், ஆசைப்பட்ட மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். அது இங்கிலாந்தில் செய்த "ரட்ஜ்" வண்டி. 1912-ம் ஆண்டு மாடல்.

வேறொரு வாலிபராக இருந்தால் வண்டியில் ஏறி ஊரைச் சுற்றியிருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். பெட்ரோல் எப்படி எரிகிறது? தீப்பொறி எங்கே பிறக்கிறது? சக்கரத்தைச் சுழற்றுவது எது? எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு ஒரு திருகாணிகூட மிச்சமில்லாமல் மறுபடியும் பூட்டினார். அவருக்கு என்ஜினீயரிங் கற்றுக்கொடுத்த முதல் வாத்தியார் அந்த மோட்டார் சைக்கிள்தான்!

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, அமெரிக்காவில் வாலிபர்கள் பழைய கார்களை வாங்கிக் கழற்றி, வேகமாக ஓடும் புது வண்டிகளாக மாற்றினார்கள். போர் விமானங்களிலிருந்து கழித்துக் கட்டிய இருக்கைகளை வாங்கி, அந்தக் கார்களில் பொருத்தி உட்கார்ந்தார்கள். உலகம் அதைப் பெரிய விந்தையாகப் பேசியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கலங்கல் கிராமத்து இளைஞர் ஒருவர் தன்னந்தனியாக அந்த வித்தையில் இறங்கிவிட்டார்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

அடுத்து நாயுடு பஞ்சுத் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல லாபம் வந்தது. அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரம் செய்தார். அங்கே சம்பாதித்ததெல்லாம் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. கோயமுத்தூரில் பெரிய தொழிலதிபராக விளங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை, நாயுடுவின் திறமையைக் கண்டு கடன் கொடுத்து உதவினார். 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை விட்டார். டிரைவர் யார்? அவரேதான்!

அந்தக் காலத்துப் பஸ் இன்று இருப்பதுபோல் முழு உருவத்தோடு வராது. அடிச்சட்டமும் என்ஜினும் மட்டும் சீமையிலிருந்து கப்பலில் வரும். மற்றதையெல்லாம் நம் ஊர்த் தச்சரும் கொல்லரும் செய்ய வேண்டும். கூண்டு கட்டுவது மரத்தால். கூரைக்குத் தகரம். இருக்கைக்குப் பலகை. சொகுசு வேண்டுமானால் பலகையின்மேல் தேங்காய் நாரைத் திணித்து, மேலே உறை தைப்பார்கள். மாட்டு வண்டி செய்த கைகள்தான் மோட்டார் வண்டிக்கும் இருக்கை செய்தன.

ஒரு பஸ் பல பஸ்கள் ஆயிற்று. யு.எம்.எஸ். என்ற அவருடைய கம்பெனியின் பஸ்கள், நேரம் தவறாமல் ஓடுவதற்குப் பேர் பெற்றன.

கிணற்றுக்கு வந்த மோட்டார்

கோயமுத்தூர்ப் பக்கம் மழை குறைவு, கிணறுகள் ஆழம். மாடு பூட்டிக் கவலை இறைத்துத்தான் பயிரைக் காப்பாற்ற வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைகாரா மின்சாரம் வந்தது. மின்சாரம் இருந்தால் மட்டும் தண்ணீர் மேலே வருமா? மோட்டார் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வந்தது.

1937-ல் பீளமேட்டில் நாயுடுவின் தொழிற்சாலையில் மின்சார மோட்டார் தயாராயிற்று. இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைப் போற்றுகிறார்கள். அந்த முயற்சியில் அவருக்குத் துணையாக இருந்தவர் பாலசுந்தரம் நாயுடு. இவரும் பிற்காலத்தில் பெரிய தொழிலதிபர் ஆனார். இன்று மோட்டாருக்கும் பம்புக்கும் கோயமுத்தூர் பேர் பெற்றிருப்பதற்கு அன்று போட்ட விதையே காரணம்.

நாயுடுவின் மூளை ஓயவில்லை. பாட்டரியால் ஓடும் சவரக் கத்தி செய்தார். பழச்சாறு பிழியும் கருவி செய்தார். மண்ணெண்ணெயால் சுற்றும் விசிறி செய்தார். ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம்கூடச் செய்து பார்த்தார். அடிக்கடி ஐரோப்பாவுக்குப் போய்த் தொழிற்சாலைகளைக் கண்டு வந்தார். தோட்டத்தில் பருத்தியிலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி நடத்தினார்.

பிள்ளைகளுக்குப் பட்டறை

மூன்றாம் வகுப்போடு நின்றவர் கல்வியை வெறுத்தாரா? இல்லவே இல்லை! தாம் பட்ட கஷ்டத்தை மற்றப் பிள்ளைகள் படக்கூடாது என்று நினைத்தார். அவர் கொடுத்த நன்கொடையாலும் எடுத்த முயற்சியாலும் 1945-ல் கோயமுத்தூரில் ஒரு தொழிற்கல்லூரி எழுந்தது. அப்போது சென்னைக் கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அதுதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

நாயுடுவே அதன் முதல்வரானார். நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் கற்பித்துவிடலாம் என்பது அவர் கருத்து. வெள்ளைக்கார சர்க்கார் இதை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இரண்டாயிரம் ரூபாய்க் கார்

1952-ல் இரண்டு பேர் உட்காரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். விலை இரண்டாயிரம் ரூபாய்தான். கார் என்றால் பணக்காரர் வீட்டுப் பொருள் என்று இருந்த காலம் அது. நடுத்தரக் குடும்பமும் காரில் போகலாம் என்ற ஆசையை அது கிளப்பியது.

ஆனால், பெரிய தொழில் தொடங்க லைசென்ஸ் வேண்டும் என்று 1951-ம் ஆண்டே சட்டம் வந்திருந்தது. நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது. ஏழைக்கு எட்டும் விலையில் ஒரு கார், பட்டறையை விட்டு வெளியே வராமலே போயிற்று.

அவர் மனம் புண்பட்டது. வரிச் சுமையும் கட்டுப்பாடுகளும் புதுமை செய்பவனின் கையைக் கட்டுகின்றன என்று கருதினார். அதைக் கண்டித்து, 1950-களில் தாம் செய்த பொருள்களையே மக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். கழற்றியதையெல்லாம் மறுபடி பூட்டிய கை, அன்றுதான் பூட்ட முடியாதபடி உடைத்தது. அந்த நஷ்டம் நாயுடுவுக்கு மட்டுமா? நாட்டுக்கும்தான்.

மறைந்தும் மறையாதவர்

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி. நாயுடு காலமானார். அவர் சேர்த்த இயந்திரங்களையும் செய்த பொருள்களையும் கோவை அவினாசி சாலையில் உள்ள காட்சி சாலையில் பார்க்கலாம். 2025 அக்டோபரில் அதே அவினாசி சாலையில், பத்து கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் அவர் பெயரால் திறக்கப்பட்டது. ஹோட்டலில் பரிமாறிய இளைஞரின் பெயர் இன்று அந்த நகரத்தின் தலைமேல் நிற்கிறது!

கோயமுத்தூர் எங்கே, புதுவை எங்கே என்று எண்ண வேண்டாம். வில்லியனூரிலும் பாகூரிலும் உழவர் வீடுகள் உண்டு. துருதுருவென்ற பிள்ளைகளும் உண்டு. ஒரு பையன் பழைய சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். உடைந்த நாற்காலியையும் கிழிந்த சாக்கையும் தேங்காய் நாரையும் கொண்டு, தள்ளுவண்டிக்கு ஓர் இருக்கை செய்யப் பார்க்கலாம். வீட்டைக் குப்பையாக்குகிறான் என்று அவனை அடிக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புங்கள், கையில் ஒரு ஸ்பானரும் கொடுங்கள். கழற்றினால் மட்டும் போதாது, மறுபடி சரியாகப் பூட்டவும் வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

பூட்டத் தெரிந்த பிள்ளை நாளைக்குப் புதிதாக ஒன்றைச் செய்வான். நாயுடுவின் வாழ்க்கை காட்டும் வழி இதுவே!