உழவாரம் ஏந்திய கை

பண்ருட்டின்னு சொன்னா நம்ம எல்லாருக்கும் பலாப்பழம்தான் ஞாபகம் வரும். அந்தப் பண்ருட்டிக்குப் பக்கத்துல திருவாமூர்னு ஒரு ஊர் இருக்கு. அப்பர் என்றும் திருநாவுக்கரசர் என்றும் நாம் சொல்கிறவர், சுமார் 1400 வருஷத்துக்கு முன்னாடி அங்கேதான் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மருள்நீக்கியார். அப்பா புகழனார், அம்மா மாதினியார், அக்கா திலகவதியார்.

இவர் கதையை அக்காவிடமிருந்துதான் தொடங்கணும். திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவர் போருக்குப் போனார். அந்த நேரத்தில் அப்பா இறந்தார். துக்கம் தாங்காமல் அம்மாவும் போனார். போருக்குப் போனவரும் திரும்பவில்லை. இனி எதற்கு வாழணும் என்று திலகவதியார் உயிரை விடத் துணிந்தார். அக்காவும் போனால் தானும் இருக்கப் போவதில்லை என்று தம்பி காலில் விழுந்து அழுதார். அந்தச் சின்னப் பையனுக்காக அவர் உயிரோடு இருக்க முடிவு செய்தார்.

இத்தனை சாவைச் சின்ன வயசிலேயே பார்த்தவருக்குக் கேள்வி வராமல் இருக்குமா? எதுதான் நிலையானது, எதைப் பிடித்துக்கொள்வது என்று தேட ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் பெரிய படிப்புக்கு இடம் சமணப் பள்ளி. இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூர் அப்போது பாடலிபுத்திரம். அங்கே போய்ச் சேர்ந்து நூல்களைக் கரைத்துக் குடித்தார். தருமசேனர் என்ற பட்டத்தோடு சமணர்களுக்குத் தலைவராகவே ஆகிவிட்டார். இந்த மாதிரி ஒரு மூளை அது.

அக்கா வேறு வழியில் போனார். திருவதிகை வீரட்டானத்தில் தங்கி, விடிவதற்கு முன்பே எழுந்து கோயிலைக் கூட்டி, சாணத்தால் மெழுகி, பூப்பறித்து மாலை கட்டிக்கொடுத்தார். தம்பி திரும்பணும் என்பது மட்டும்தான் அவர் வேண்டுதல்.

ஒருநாள் தருமசேனருக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றைக் குடைகிற வலி. பள்ளியில் இருந்தவர்கள் மந்திரித்துப் பார்த்தார்கள், மயிற்பீலியால் தடவிப் பார்த்தார்கள், குறையவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினார். அங்கே தான் வர முடியாது என்று சொல்லிவிட்டார் அக்கா. பட்டம், பதவி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இருட்டோடு இருட்டாக நடந்து திருவதிகை வந்து அக்கா காலில் விழுந்தார். அக்கா ஏன் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருநீறு கொடுத்து, விடியற்காலையில் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே தருமசேனர் வலியோடு பாடிய முதல் பதிகத்தில் நோய் தீர்ந்தது என்கிறது பெரியபுராணம். நாவுக்கரசர் என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

அதன் பிறகு பல்லவ அரசனின் கோபம். சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தது, நஞ்சு கலந்த சோறு கொடுத்தது, யானையை ஏவியது, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியது எல்லாம் பெரியபுராணத்தில் விரிவாக உண்டு. கல் தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்த்ததாம். பிறகு அரசனே சைவத்துக்கு மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்; அதை வைத்துத்தான் அந்த அரசன் அவன்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒன்றை நினைவில் வைக்கணும்: பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய சைவ நூல். பள்ளியை இழந்த சமணர்களின் கதை அதில் இல்லை.

உயிர் தப்பியவர் அரசவையில் உட்காரவில்லை. கையில் உழவாரத்தை எடுத்துக்கொண்டார். கோயில் பிராகாரத்துப் புல்லையும் முள்ளையும் செதுக்குகிற கருவி அது. ஊர் ஊராக நடந்தார், செதுக்கினார், பாடினார். சீர்காழியில் குழந்தையான சம்பந்தர் அவரைப் பாசத்தோடு அப்பரே என்று கூப்பிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இருவருக்கும் தினம் ஒரு பொற்காசு கிடைத்ததாம். சம்பந்தர் காசுக்குக் கடைக்காரர் வட்டம் பிடித்தார். அப்பர் காசு அப்படியே செல்லுபடியானது. காரணம், அவர் உடம்பால் உழைத்தவர் என்கிறார் சேக்கிழார்.

வயதான காலத்தில் ஒரே ஒரு ஆசை. கயிலையை நேரில் பார்க்கணும். காசியைத் தாண்டி வடக்கே நடந்தார். பாதம் தேய்ந்தது, கையால் நகர்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார். அதுவும் முடியாதபோது புரண்டார். வழியில் ஒரு முனிவர், மனித உடம்பால் அங்கே போக முடியாது, திரும்பிப் போ என்றார். அப்பர் மறுத்தார். கயிலையைக் காணாமல் இந்த உடம்போடு திரும்பப் போவதில்லை என்றார். முனிவராக வந்தவர் சிவனே. பக்கத்துக் குளத்தில் முழுகச் சொன்னார். முழுகி எழுந்த இடம் தஞ்சைக்குப் பக்கத்துத் திருவையாறு!

அங்கே அவர் என்ன பார்த்தார்? பிடியோடு வந்த களிறு. பெட்டையோடு சேவல். குயில், மயில், நாரை, கிளி எல்லாம் ஜோடி ஜோடியாக. காவிரிக்கரையில் யாரும் தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் அவருக்கு அம்மையும் அப்பனும் தெரிந்தார்கள். ஊரே கயிலையாகத் தெரிந்தது.

தருமசேனராக இருந்தபோது அவருக்கு அறிவில் குறை இல்லை. அப்போது அவர் கடவுளை ஒரு கேள்வியாகத் தேடினார், பதில் கிடைக்கவில்லை. பின்னால் புல் செதுக்கிச் செதுக்கி, நேசித்து நேசித்து, கண்ணே மாறிப்போனது. பக்தி என்றால் அறிவை மூட்டை கட்டி வைப்பது என்று நாம் சுலபமா சொல்லிடறோம். அப்பர் வாழ்க்கையைப் பார்த்தால் அன்பும் ஒரு வகை அறிதல்தான். எதை நேசிக்கிறோமோ அதைத்தான் முழுசாப் பார்க்கிறோம்.

கடைசி நாட்கள் திருப்புகலூரில். செதுக்குகிற இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தபோது, பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். 81 வயதில், சித்திரைச் சதயத்தில் இறைவனோடு கலந்தார் என்பது மரபு. அவர் பாடல்கள் 4, 5, 6-ஆம் திருமுறைகளாக இருக்கின்றன. கோயில்களில் களை பிடுங்கிச் சுத்தம் செய்கிற வேலைக்கு இன்றைக்கும் உழவாரப் பணி என்றுதான் பெயர்.